தூளிச் சேலை, உரைகல், காலை வெயில்: பிறந்த பிள்ளையின் முதல் முப்பது நாள்

பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளில், பினாங்குத் தமிழ் வீடுகளில் முதலில் திறக்கப்படுவது பாட்டியின் அலமாரி. தூளி கட்ட ஒரு பழைய நூல் சேலை வேண்டும். நூறு தடவை துவைத்து நைந்த சேலைக்குக் கடையில் வாங்கும் எந்தத் துணியும் ஈடாகாது. மெத்தென்று இருக்கும், வியர்வையை இழுத்துக்கொள்ளும். சேலையில் குறை ஒன்றுமில்லை. அதோடு சேர்ந்து வெளியே வரும் வாசனையில்தான் வில்லங்கம். மடிப்புக்குள் எத்தனையோ வருடமாகப் பூச்சி உருண்டை கிடந்திருக்கும்.

பூச்சி உருண்டையில் பெரும்பாலும் இருப்பது நாப்தலின். அது உருகாமல் கொள்ளாமல் அப்படியே ஆவியாகிக்கொண்டிருக்கும்; ஆவி துணியின் இழைக்குள் தங்கிவிடும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளை அதைச் சுவாசித்தால் இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடையும். உடைந்த அணுக்களிலிருந்து வரும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருளைப் பிஞ்சுக் கல்லீரலால் அந்த வேகத்தில் கழிக்க முடியாது. நேற்று முகத்தில் மட்டும் மஞ்சளாக இருந்த பிள்ளை இன்று உள்ளங்கால் வரை மஞ்சளாகிவிடும். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் இறங்கும். மலேசியாவில் இந்தக் குறைபாட்டைத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பரிசோதித்துவிடுகிறார்கள். குறைபாடு இருந்தால் முதல் 5 நாள் வார்டில் வைத்துப் பார்ப்பது வழக்கம். சீன, மலாய் குடும்பங்களில் இது அதிகம், நம்மவர்களிடம் குறைவு. ஆண் பிள்ளைகளையே அதிகம் பிடிக்கும். குறைவு என்பதாலேயே நம் வீடுகளில் அதைப் பற்றிப் பேச்சு எழுவதில்லை. டிஸ்சார்ஜ் ஆகும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: “ஜி6பிடி ரிசல்ட் என்ன?”

நாப்தலின் எண்ணெயில் கரையும். எண்ணெய் தேய்த்த உடம்போடு அந்தச் சேலையில் கிடத்தினால் மூக்கு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் இறங்கும். ஒரு தடவை அலசிக் காயப்போட்டால் போய்விடும் என்று நம்ப முடியாது. உருண்டையோடு கிடந்த துணியைப் பிள்ளைக்கு எடுக்கவே வேண்டாம். சும்மா தொங்கிக்கொண்டிருந்த வேறொரு நூல் சேலை போதும். அண்ணன், அக்கா போட்ட சட்டைகளை எடுத்து வைத்திருந்தால் அவற்றையும் மோந்து பாருங்கள். குளியலறை சிங்க் குழியிலும் காருக்குள்ளும் போட்டு வைத்த உருண்டைகளையும் எடுத்துவிட வேண்டும். அலமாரியில் உருண்டைக்குப் பதிலாக எதை வைப்பது? காய்ந்த வசம்பு இரண்டு துண்டு. ஏட்டுச்சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் காத்த பொருள் அது. அந்த வசம்பு பிள்ளையின் வாய்க்குப் போகாமல் அலமாரியில் இருப்பது இரண்டு வகையிலும் நல்லது; காரணம் பின்னால் வருகிறது.

பழைய பழக்கம் எல்லாமே கெடுதல் என்று சொல்லும் ஆளும், நம் முன்னோர் ஒன்றும் முட்டாள்கள் இல்லை என்று சொல்லும் ஆளும் ஒரே வீட்டில் இருப்பார்கள். இரண்டு பேரையும் சமாளிக்க ஒரு கேள்வி உதவும்: இது பிள்ளையின் உடம்புக்குள் போகிறதா, வெளியே நின்றுவிடுகிறதா? வாய், மூக்கு, காது, கண், தொப்புள் என எந்த வழியாக உள்ளே போனாலும் அந்தப் பழக்கத்தை நிறுத்தலாம். கையால் தேய்ப்பது, மடியில் போடுவது, தாலாட்டுவது, தாயை முப்பது நாள் அடுப்படிப் பக்கம் விடாமல் உட்கார வைப்பது எல்லாம் வெளியே நிற்பவை. அவற்றில் பெரும்பாலானவை நல்லவை. சிலவற்றை இன்றைய மருத்துவம் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது.

குளியலிலிருந்து ஆரம்பிக்கலாம். பாட்டி காலை நீட்டி, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் பிள்ளையைக் கிடத்துவது உண்மையில் மிகப் பாதுகாப்பான பிடி. பிளாஸ்டிக் தொட்டியில் வழுக்கும் பிள்ளை அங்கே வழுக்காது. அந்த முறையை வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களை மட்டும் மாற்றினால் போதும்.

முதலாவது, நேரம். பிறந்து 24 மணி நேரம் கழியும் வரை குளியல் வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவுபோன்ற படலம் அழுக்கு இல்லை. தோலுக்கு அதுதான் கவசம்.

இரண்டாவது, சூடு. பாட்டியின் கைக்கு ‘இதமான’ சூடு, அறுபது வருடம் பாத்திரம் தேய்த்த கையின் இதம். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. 37, 38 டிகிரி அதுதான். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். இந்த வரிசை மாறவே கூடாது. ஹீட்டர் ஷவரை நேராகப் பிள்ளைமேல் பிடிக்கக்கூடாது. யாராவது சமையலறைக் குழாயைத் திறந்தால் நொடியில் சூடு ஏறி இறங்கும்.

மூன்றாவது, எண்ணெய். தேங்காய் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி, உடம்பு முழுவதற்கும் தாராளம். கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் பிஞ்சுத் தோலின் மேலடுக்கைத் தளர்த்துகின்றன. ‘ஆலிவ் என்றால் உயர்ந்தது’ என்று விலை கொடுத்து வாங்குவது இங்கே எதிர்மாறாகப் போகிறது. பால் குடித்து முக்கால் மணி நேரம் கழித்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, பாதத்திலிருந்து மேலாகப் பத்து நிமிடம் தேய்த்தால் போதும். கொடி விழும் வரை வயிற்றை அழுத்தக்கூடாது. இடது கையின் மேல்புறத்தையும் விட்டுவிட வேண்டும். பிசிஜி ஊசி போட்ட இடம் அது. சில வாரங்களில் சின்னக் கட்டியாகி, சீழ் கட்டி, உடைந்து, தழும்பாகும். அது இயல்பு. அதைப் பிதுக்குவதும் மஞ்சள் பூசுவதும்தான் புண்ணைப் பெரிதாக்கும். எண்ணெய்க் கையோடு பிள்ளையைத் தூக்கவே கூடாது. துண்டைப் போட்டுச் சுற்றித்தான் தூக்க வேண்டும்.

நான்காவதுதான் நிறுத்த வேண்டியவை, கொஞ்சம் கடுமையாகவே சொல்லலாம். மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது: எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் அங்கிருந்து வெளியே வராது, நிமோனியாவாகிவிடும். மூக்கு அடைத்ததுபோல் சத்தம் வருவதும் பிள்ளை தும்முவதும் சளி இல்லை; தன் மூக்கைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. தொண்டைக்குள் விரல் விட்டுக் கோழை எடுப்பது: நகம் கீறும், வாந்தி வரும், பிள்ளைக்கு மூச்சு நின்று போவதும் உண்டு. மார்புக் காம்பைப் பிதுக்கிப் ‘பால்’ எடுப்பது: தாயின் ஹார்மோன் பிள்ளைக்கு வந்ததால் அந்த வீக்கம், சில வாரங்களில் தானே வற்றும், பிதுக்கினால் சீழ்க்கட்டிதான் மிச்சம். ஆண் பிள்ளையின் முன்தோலைப் பின்னால் இழுப்பது, தலைகீழாகத் தூக்கி உலுக்குவது, காலை நேராக்கி நீட்டி இழுத்துக் கட்டுவது, இவையும் வேண்டாம். தவளைபோல் மடங்கியிருக்கும் கால்தான் இடுப்பு மூட்டு சரியாக உட்கார வழி. தலையைப் பிடித்து உருட்டி வடிவம் கொடுப்பதற்கும் அவசியம் இல்லை. பிறப்புப் பாதையில் நசுங்கிய தலை தானாகவே சரியாகும்.

வாய்க்கு வருவோம். சீனித் தண்ணி, தேன், வெந்நீர், உரை மருந்து என்று வரிசையாக வரும். பிறந்த முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு தடவைக்கு 5 முதல் 7 மில்லிதான் கொள்ளும். ஒரு தேக்கரண்டி சீனித் தண்ணி போனால் அந்த வேளைக்கு வயிறு நிறைந்துவிட்டது, சீம்பாலுக்கு இடமில்லை. பசி இல்லாத பிள்ளை மார்பை இழுக்காது, இழுக்காவிட்டால் பால் ஊறாது. பிறகு மூன்றாம் நாள் “உனக்குப் பால் பத்தலம்மா” என்று அந்தத் தாயிடமே சொல்வார்கள். தேனில் கதை வேறு. அதில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் இருக்கலாம். வீட்டு அடுப்பில் காய்ச்சினால் அவை சாகாது. பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாத அது, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும். முதலில் மலச்சிக்கல், பிறகு அழுகை மெலிந்து, இமை தொங்கி, பால் இழுக்கும் பலம் போய்விடும். ஒரு வயது ஆகும் வரை தேன் ஒரு துளியும் கிடையாது, தொட்டு வைக்கவும் கூடாது.

உரை மருந்து பற்றி நம் வீடுகளில் ஒரு பெருமிதம் உண்டு. லிட்டல் இந்தியாவில் லெபோ பாசார் பக்கத்து நாட்டு மருந்துக் கடைகளில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு எல்லாம் எளிதாகக் கிடைக்கும். சந்தனக் கல்போன்ற கல்லில் தாய்ப்பால் விட்டு, இதில் இரண்டு உரை, அதில் ஒரு உரை என்று இழைத்துப் புகட்டுவது முறை. அங்கேதான் கோளாறு. ஒரு உரை என்பது எத்தனை மில்லிகிராம்? கை அழுத்தத்தையும் காயின் முற்றலையும் பொறுத்து அது மாறும். மூன்று கிலோ உடம்புக்கு அந்த வித்தியாசம் பெரிது. ஜாதிக்காயில் மயக்கும் தன்மை இருக்கிறது. பாலிக் புலாவில் விளைந்து சாறாகக் குடிக்கும் அதே மரத்துக் காய்தான். ஆனால் சாறு பிழிவது சதைப்பற்றை, கல்லில் உரைப்பது கொட்டையை. “மருந்து கொடுத்ததும் பிள்ளை அசந்து தூங்குது பார்” என்றால், தூங்க வைத்தது அந்த மயக்கம். வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் உண்டு. எலிகளில் கட்டி உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். விளக்கில் சுட்டுக் கரியாக்கினாலும் எவ்வளவு எரிந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று யாருக்கும் தெரியாது. உரைகல்லின் சொரசொரப்பில் தங்கும் கிருமி இதற்கெல்லாம் மேல்.

ஆனால் பாட்டியின் அனுபவம் பொய்யில்லை; அவர் பார்த்தது உண்மையாகவே நடந்தது. சாயங்கால அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். உச்சத்தில் எதைக் கொடுத்தாலும் அடுத்து வருவது இறக்கம்தான். அந்தப் பெயரை வசம்பு வாங்கிக்கொண்டது, அவ்வளவே. அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவதும், வயிறு கீழே இருக்க முன்கையில் கிடத்தி நடப்பதும் அதே பாட்டிகளின் கைவசம் உள்ள வித்தைகள்தான். அவற்றில் ஒரு ஆபத்தும் இல்லை.

“நாங்க எல்லாம் இப்படித்தானே வளர்ந்தோம்?” என்று மாமியார் கேட்பார். வளர்ந்தவர்கள்தான் கேட்க முடியும். சுதந்திரம் கிடைத்த 1957-இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 75 பேர் அளவுக்கு முதல் பிறந்தநாளைக் காணவில்லை. இப்போது அது ஒற்றை இலக்கம். இதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. “உரை மருந்து வேண்டாம், எண்ணெய் தேய்ப்பை மட்டும் நீங்களே தினமும் பாத்துக்கோங்க அத்தை” என்றால் முக்கால்வாசி வீட்டில் வேலை முடிந்தது.

தொப்புளில் ஒன்றும் வைக்கக்கூடாது. மஞ்சள், சாம்பல், பவுடர், வசம்புக் கரி, காசு வைத்துக் கட்டுவது எதுவும் வேண்டாம். பம்பர்ஸின் விளிம்பைக் கொடிக்குக் கீழே மடித்துவிட்டு, காற்றுப் பட விட்டால் 5 முதல் 15 நாளுக்குள் காய்ந்து விழும். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ நாற்றம் வந்தாலோ அன்றே டாக்டர்.

கண்மையில் ஈயம் இருக்கலாம். வீட்டில் ஆமணக்கெண்ணெய் விளக்கில் பிடித்த மையில் ஈயம் இல்லாவிட்டாலும் அதை இடும் விரலில் கிருமி உண்டு. திருஷ்டிக்கென்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு போதும். சாம்பிராணி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தோட்ட வீட்டில், ஓட்டு இடுக்கு வழியாகப் புகை போகும் கூடத்தில் பிறந்த பழக்கம் அது. இன்று ஜெலுத்தோங்கிலோ பாயான் பாருவிலோ பதினெட்டாவது மாடியில், ஏர்கோனுக்காக ஜன்னல் அடைத்த அறையில் அதே தூபக்காலை வைத்தால் புகை எங்கே போகும்? கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடும் வரும். சாமி கும்பிடும் நேரத்தில் ஜன்னலைத் திறந்து கூடத்தில் காட்டிவிட்டு, புகை அடங்கிய பிறகு பிள்ளையைக் கொண்டு வரலாம். தலை ஈரத்துக்குத் துண்டு இருக்கிறது. மின்யாக் தெலோன் என்று பிள்ளைகளுக்குத் தேய்க்கும் மலாய்த் தைலம் போன்ற எண்ணெய்களையும், கற்பூரம், மெந்தால் கலந்த தைலங்களையும் முகம், மார்புப் பக்கம் கொண்டு போகக்கூடாது.

புதுக் காலத்துப் பொருள்கள் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. பவுடர் டப்பா பழைய சாம்பிராணிக்குச் சளைத்ததல்ல. தூசி நேராக நுரையீரலுக்குப் போகிறது. கையுறைக்குள் தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்று விரல் கறுத்துவிடும். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் மாட்டக்கூடாது. பினாங்கு வெயிலில் தொப்பி, உறை, கையுறை, போர்வை என்று நான்கடுக்கு போட்டால் பிள்ளைக்கு உடம்பு காயும். அதைக் காய்ச்சல் என்று எண்ணி மறுபடி போர்த்துவார்கள். பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்திருந்தால் ஒரு அடுக்கைக் கழற்றுங்கள்.

தூளி முழுக்க விலக்க வேண்டிய விஷயம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இரவு முழுதும் அதில் தூங்க விடுவது சரியல்ல. துணி வளைந்து, தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழல் மடங்கிவிடும், சத்தமே வராது. பெரியவர் ஒருவர் கண் பார்வையில், பகலில், கொஞ்ச நேரம். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். முகம் துணிக்கு வெளியே தெரிய வேண்டும். ஸ்பிரிங் தூளியானால் கொக்கி வாய் திறந்த மாதிரியாக இருக்கக்கூடாது. ஸ்பிரிங்கோடு சேர்த்து ஒரு தனிக் கயிறும் தளர்வாகக் கட்டியிருக்க வேண்டும், ஸ்பிரிங் அறுந்தால் அது தாங்கும். தரையிலிருந்து ஒரு அடிக்கு மேல் உயரம் வேண்டாம், கீழே மெத்தை. பிள்ளை தூங்கியதும் தட்டையான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் போட்டுவிட வேண்டும். தலையணை, பொம்மை எதுவும் பக்கத்தில் கூடாது.

கடைசியாக மஞ்சள் காமாலை. காலை வெயிலில் காட்டினால் சரியாகும் என்பது மூடநம்பிக்கையில் பிறந்ததல்ல. 1950-களில் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில், ராச்ஃபோர்ட் மருத்துவமனையில் வார்ட் என்ற நர்ஸ் பிள்ளைகளை வெளியே வெயிலில் வைத்து எடுத்து வந்தபோது, வெயில் பட்ட இடம் வெளுத்து, துணி மறைத்த இடம் மஞ்சளாகவே இருந்ததைக் காட்டினார். அதிலிருந்துதான் நீல விளக்கு சிகிச்சை வந்தது. 1958-இல் அதை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆக வெயிலுக்குச் சக்தி உண்டு. அளவுதான் கையில் இல்லை. விளக்கு வேண்டிய அளவு நீல ஒளியை இரவு பகலாகக் கொடுக்கும். வெயிலில் அந்த அளவு கிடைக்கும் நேரத்துக்குள் தோல் வெந்து, பிள்ளை வறண்டுவிடும். அதைவிடப் பெரிய நட்டம், “நாலு நாள் வெயில்ல காட்டிப் பாப்போம்” என்று இரத்தப் பரிசோதனை தள்ளிப் போவது. பிலிருபின் எல்லை மீறினால் மூளையில் படியும். படிந்ததை எடுக்க வழியில்லை. மலேசிய சுகாதார அமைச்சின் வழிகாட்டுதலும் வெயிலில் காட்ட வேண்டாம் என்றே சொல்கிறது. தண்ணீர் புகட்டினாலும் மஞ்சள் கழியாது. பிலிருபின் மலத்தோடுதான் வெளியே போகிறது, மலம் போகப் பால் வேண்டும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால். ஐந்தாம் நாளுக்கு மேல் குறைந்தது ஆறு ஈரப் பம்பர்ஸ்.

நம் பிள்ளைகளின் நிறத்துக்கு மஞ்சள் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. டியூப் லைட்டில் பார்க்காமல், ஜன்னல் ஓரம் கொண்டு போய் நெற்றி, நெஞ்சு, உள்ளங்கால் என விரலால் அழுத்தி எடுங்கள்; அழுத்திய இடம் மஞ்சளாக வெளுக்கிறதா என்று பாருங்கள். ஈறையும் பார்க்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலும், பாலுக்கு எழுப்பினாலும் எழும்பாமல் கிடந்தாலும், கீச்சென்று அழுது முதுகை வில்லாக வளைத்தாலும் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்கக்கூடாது.

பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடம், அதாவது நர்ஸிடம், எதையும் மறைக்க வேண்டாம். அவர் கேட் அருகில் வந்ததும் கண்மையைத் துடைத்து, உரைகல்லைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும் வீடுகள் இருக்கின்றன. திட்டு விழும் என்ற பயம்தான். ஆனால் பிள்ளை எதை விழுங்கியது என்று தெரியாமல் மஞ்சளுக்குக் காரணம் தேடுவது, டாக்டரைக் கண்ணைக் கட்டி விடுவதற்குச் சமம். பிரசவத்துக்குப் பின் தாய் சாப்பிடும் காய மருந்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நிறை மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 14 நாளுக்கு மேல், குறை மாதப் பிள்ளைக்கு 21 நாளுக்கு மேல் மஞ்சள் நீடித்தால் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். அப்போது மலத்தின் நிறத்தையும் கவனியுங்கள். கடுகு மஞ்சள், பச்சை, பழுப்பு எல்லாம் சரி. வடித்த கஞ்சி மாதிரியோ விபூதி மாதிரியோ வெளுத்திருந்தால் பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். அந்தப் பம்பர்ஸை எறியாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி அன்றைக்கே கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். போனில் எடுத்த படத்தில் நிறம் மாறித் தெரியும்.